பாதி ஊர் மீதி ஊரைப் புதைத்ததா? கூல்கார்டி தங்க வயலின் முதல் கல்லறைகள்

மேற்கு ஆஸ்திரேலியாவில் கூல்கார்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. பெர்த் நகரிலிருந்து கிழக்கே சுமார் 550 கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். இன்று ஆயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். ஆனால் 1890களின் கடைசியில், பெர்த்துக்கும் பிரிமான்டிலுக்கும் அடுத்தபடியாக, அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த மேற்கு ஆஸ்திரேலியாவிலேயே பெரிய ஊர் இதுதான். காரணம் தங்கம்.

இந்த ஊரின் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வாசகம் தவறாமல் வந்துவிடும்: "பாதி ஊர் மீதி ஊரைப் புதைத்தது." ஒருமுறை கேட்டால் மறக்காது. அதைக் கேட்டதும் துப்பாக்கிச் சண்டை, சுரங்கச் சரிவு, பாலைவனத்தில் தாகத்தால் செத்தவர்கள் என்று மனம் தானாகவே படம் ஓட்டத் தொடங்கிவிடும். அப்புறம் கல்லறைத் தோட்டத்தின் படத்தைப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கற்கள் தெரியும். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். அந்த வாசகம், அந்தக் கற்பனை, இந்தக் கேள்வி மூன்றிலுமே குழப்பம் இருக்கிறது. அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தங்கம் இருந்தது, தண்ணீர் இல்லை

1892 செப்டம்பரில் ஆர்தர் பெய்லி, வில்லியம் ஃபோர்டு என்ற இருவர் இங்கே தங்கம் கண்டார்கள். பெய்லி 554 அவுன்ஸ் தங்கத்தை, அதாவது 17 கிலோவுக்கும் மேல், குதிரையில் எடுத்துக்கொண்டு சுமார் 190 கிலோமீட்டர் மேற்கே இருந்த சதர்ன் கிராஸ் ஊருக்குப் போய் அதிகாரியிடம் காட்டிப் பதிவு செய்தார். செய்தி பரவியதும் கூட்டம் கிளம்பியது. அதே சமயம், 1893இல், கிழக்குப் பக்கக் காலனிகளில் வங்கிகள் வரிசையாகக் கதவை மூடின. வேலை போன இளைஞர்கள் மெல்போர்னிலிருந்தும் அடிலெய்டிலிருந்தும் கப்பலேறி மேற்கே வந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் அவர்களுக்கு 'அந்தப் பக்கத்தார்' என்று பொருள்படும் பட்டப்பெயர் வைத்தார்கள். 1891 கணக்கெடுப்பில் மேற்கு ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை சுமார் 50,000. 1901இல் அது 1,84,000.

வந்து இறங்கிய இடத்தில் ஆறு கிடையாது. ஆண்டு மழை 260, 270 மில்லிமீட்டர்தான். ஏரிகள் உண்டு, எல்லாம் உப்பு. கிணறு தோண்டினால் பல இடங்களில் கடல்நீரைவிட உப்பான தண்ணீர் வரும். நல்ல தண்ணீர் என்றால் பாறைக் குழிகளில் தேங்கும் சுனைநீர் மட்டும்தான்.

அங்கே அவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும். மண்ணிலிருந்து தங்கத்தைப் பிரிக்க வழக்கமாகத் தண்ணீரில் அலசுவார்கள். இங்கே அதற்கு ஏது தண்ணீர்? அதனால் களத்தில் நெல்லைத் தூற்றுகிற மாதிரி மண்ணைத் தூற்றினார்கள். ஒரு தட்டில் பொடித்த மண்ணை எடுத்துத் தலைக்கு மேலே பிடித்து, தரையில் வைத்த இன்னொரு தட்டில் மெல்லக் கொட்டுவார்கள். தூசி காற்றோடு போய்விடும், கனமான தங்கம் நேராக விழும். ஒரு நாள் முழுக்க இதைச் செய்தால் மூக்கு, காது, நகக்கண் எல்லாம் செம்மண். பொழுது சாய்ந்ததும் அதே கையால் மாவு பிசைந்து, தணலில் ரொட்டி சுட்டுச் சாப்பிட வேண்டும். கை கழுவுவதற்கென்று செலவழிக்கத் தண்ணீர் கிடையாது.

சுருக்கமாக: மிகக் குறுகிய காலத்தில், பெரும்பாலும் இளம் ஆண்கள், தண்ணீரில்லாத ஓர் இடத்தில் வந்து குவிந்தார்கள். கழிவுக்கு ஏற்பாடு எதுவும் செய்யுமுன்பே கூடாரங்கள் முளைத்துவிட்டன.

அவர்களைக் கொன்றது எது?

துப்பாக்கி அல்ல. சுரங்க விபத்தும் தாகமும் சிலரைக் கொன்றது உண்மைதான். ஆனால் தொடக்க ஆண்டுகளில் அந்தக் குழிகளை நிரப்பிய பெரிய காரணம் டைபாய்டு.

டைபாய்டு என்பது ஒருவகை பாக்டீரியாவால் வரும் காய்ச்சல். இந்தக் கிருமி மனிதர்களிடம் மட்டுமே வாழ்கிறது. மாட்டுக்கு வராது, மண்ணிலிருந்து தானாக முளைக்காது. நோயாளியின் மலத்தில் வெளியேறி, இன்னொருவர் வாய்க்குள் போனால்தான் அதற்குப் பிழைப்பு. வழி நாலு: தண்ணீர், உணவு, கை, ஈ. திறந்த குழியில் உட்கார்ந்த ஈ அடுத்த கூடாரத்து ரொட்டியில் உட்கார எவ்வளவு நேரம் ஆகும்? அதனால்தான் கோடையிலும் அதை ஒட்டிய மாதங்களிலும் சாவு அதிகம்.

வயிற்றுக்குள் போன கிருமி சிறுகுடலின் சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலக்கிறது. கல்லீரல், மண்ணீரல், பித்தப்பை என்று குடியேறுகிறது. ஒன்று முதல் மூன்று வாரம்வரை ஆளுக்கு ஒன்றும் தெரியாது. இதை நோயரும்பு காலம் என்பார்கள். விதை போட்டு முளை தெரியும்வரை உள்ள இடைவெளி மாதிரி. இந்த இடைவெளியில் அவர் நூறு கிலோமீட்டர் நடந்து அடுத்த கூடாரக் கூட்டத்தோடு சேர்ந்திருப்பார். நோயும் அவரோடு நடந்தது.

பிறகு காய்ச்சல் படிக்கட்டு ஏறுவதுபோல ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். இரண்டாவது வாரம் பிதற்றல். மூன்றாவது வாரம்தான் ஆபத்து. குடல்சுவரில் புண்ணான இடங்கள் கிழிந்து இரத்தம் கசியும், சிலருக்கு ஓட்டையே விழும். ஓட்டை விழுந்தால் அந்தக் காலத்தில் பிழைப்பது அரிது. அந்த மூன்றாவது வாரத்தில் நோயாளிக்கு வேண்டியது அசையாமல் படுக்கை, திரவ உணவு, உடம்பைத் துடைத்துவிட ஈரத்துணி, பக்கத்தில் ஓர் ஆள். கூடாரத்தில் தனியாகப் படுத்திருந்தவனுக்கு இவற்றில் எது கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் மனசு கனக்கிறது. நாற்பது டிகிரி வெயிலில் கித்தான் துணிக்குக் கீழே, கூட்டாளி வேலைக்குப் போன பிறகு, ஒரு மனிதன்.

கிருமியை 1880இல் கார்ல் எபெர்ட் கண்டுபிடித்துவிட்டார். அறிவு இருந்தது, மருந்து இல்லை. டைபாய்டைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் 1948இல்தான் வந்தது. அதுவரை நோய் கண்ட பத்துப் பேரில் ஒருவரோ இருவரோ இறந்தார்கள். நல்ல செவிலியர் பக்கத்தில் இருந்தால் இந்தக் கணக்கு மாறும். அயர்லாந்திலிருந்து செயின்ட் ஜான் ஆஃப் காட் சபையின் கன்னியாஸ்திரீகள் 1895இல் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு வந்ததே டைபாய்டு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளத்தான்.

தண்ணீரைக் காய்ச்சித்தானே குடித்தார்கள்?

இது நல்ல கேள்வி. கூல்கார்டியைப் பற்றிப் படிப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். உப்புநீரைக் கொதிக்கவைத்து, ஆவியை நீண்ட தகரக் குழாய்களில் செலுத்திக் குளிரவைத்து, சொட்டும் தண்ணீரை விற்றார்கள். ரோஜாவிலிருந்து பன்னீர் வடிப்பதும் இதே முறைதான். சுற்றியிருந்த காட்டு மரமெல்லாம் இந்த அடுப்புகளுக்கு விறகாகப் போனது. வறண்ட காலத்தில் ஒரு காலன், அதாவது நாலரை லிட்டர், ஒரு ஷில்லிங்குக்கும் மேல் விற்றது.

அப்படி வடித்த தண்ணீர் குழாய் வாயில் சுத்தமானது. கிருமி எதுவும் அதில் பிழைத்திருக்காது. சிக்கல் அதற்குப் பிறகுதான். மூடாத தொட்டி, கைமாறிய வாளி, அதே குவளை. எல்லாவற்றுக்கும் மேலே விலை. காசு கொடுத்து வாங்கிய தண்ணீரில் யார் கை கழுவுவார்? முகம் கழுவிய தண்ணீரில் துணி துவைத்து, அதையே எடுத்துவைத்து மறுநாளும் பயன்படுத்தினார்கள். காசில்லாதவர்கள் மழைக்குத் தேங்கிய குட்டைகளைத் தேடிப் போனார்கள். அந்தக் குட்டைகளுக்கு மேட்டில்தான் கூடாரங்கள்.

"அழுக்குத் தண்ணீர் குடித்துச் செத்தார்கள்" என்று சொல்வது பாதி உண்மைதான். குடிக்கப் போதுமானது இருந்து, கழுவப் போதுமானது இல்லாததாலும் செத்தார்கள். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். இன்றும் லாரித் தண்ணீரை நம்பி வாழும் எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

பாதி ஊர் என்ற கணக்கு

சரி, அந்த வாசகத்துக்கு வருவோம். ஒரு பெரிய பஸ் ஸ்டாண்டில் இந்த நிமிடம் எத்தனை பேர் என்று எண்ணினால் ஐந்நூறு பேர் இருக்கலாம். காலையிலிருந்து இரவுவரை வந்துபோனவர்களை எண்ணினால் ஐம்பதாயிரம் வரும். இரண்டும் ஒரே பஸ் ஸ்டாண்டின் கணக்குதான்.

தங்க வயல் ஒரு பஸ் ஸ்டாண்ட். 1893 ஜூனில் பேடி ஹானனும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில், இன்றைய கல்கூர்லியில், தங்கம் கண்டதும் கூட்டம் அந்தப் பக்கம் ஓடியது. பிறகு இன்னோர் இடம், இன்னோர் இடம். உயிரோடு இருந்தவர்கள் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். இறந்தவர்கள் மட்டும் இருந்த இடத்திலேயே சேர்ந்துகொண்டு வந்தார்கள். ஊர் சுருங்கிய பிறகு திரும்பிப் பார்த்தால் கல்லறையில் இருப்பவர்கள் வீடுகளில் இருப்பவர்களைவிட அதிகம். அந்த வாசகம் உண்மைபோல ஒலிப்பதற்குக் காரணம் இதுதான்.

இறப்பு விகிதம் என்றால், ஓர் ஆண்டில் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண். இதைக் கணக்கிட இறந்தவர் எண்ணிக்கை மட்டும் போதாது, அங்கே வாழ்ந்தவர் எண்ணிக்கையும் வேண்டும். ஓடிக்கொண்டே இருக்கும் கூட்டத்தில் அந்த இரண்டாவது எண்ணைப் பிடிப்பது கடினம். பாதிப் பேர் சாகவில்லை. ஆனால் இருபது, முப்பது வயதுள்ள திடமான ஆண்கள், சாதாரணமாக மிகக் குறைவாகவே சாகும் வயதினர், கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது பாதி ஊர் போலத்தான் இருந்திருக்கும்.

கல் எண்ணினால் ஆள் கணக்கு வராது

கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' என்று பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயர்களை மட்டும் படித்தால் கோயிலுக்கு வந்தவர்கள் அவ்வளவுதான் என்று ஆகிவிடுமா? காசு கொடுத்தவர் பெயர் அங்கே இருக்கிறது, அவ்வளவே. கல்லறைக் கல்லும் அப்படித்தான். யாரோ ஒருவர் பணம் கொடுத்து, வெட்டச் சொல்லி, கொண்டுவந்து நட்டால்தான் கல்.

கூல்கார்டியில் கல்லறைத் தோட்டம் ஒன்றல்ல. 1892 முதல் 1894 வரை புதைத்த சிறிய இடம் ஒன்று, முன்னோடிகள் கல்லறை என்று அழைக்கப்படுவது. அதன் பிறகு ஊருக்கு மேற்கே திறந்த பெரிய தோட்டம் இன்னொன்று. முதல் இடத்தில் கல் குறைவாக இருப்பதற்கு ரயில் தேதிகளைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். தண்டவாளம் சதர்ன் கிராஸுக்கு வந்தது 1894 ஜூலையில். கூல்கார்டிக்கு வந்தது 1896 மார்ச்சில். அதுவரை கனமான எதுவும் வண்டியிலோ ஒட்டகத்திலோதான் வர வேண்டும். மாவும் தண்ணீரும் வருவதே பெரும்பாடாக இருந்த பாதையில் சலவைக்கல்லை யார் ஏற்றுவார்?

அதனால் சரக்குப் பெட்டியின் பலகையை உடைத்துச் சவப்பெட்டி, இன்னொரு பலகைத் துண்டில் பெயர். சிலருக்குத் தகரத்தில் ஆணியால் குத்திய எழுத்து. சுற்றிலும் கற்களை அடுக்கி ஓர் எல்லை. பலகையைக் கரையான் தின்றது, தகரம் துருப்பிடித்தது.

புதிதாகப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. கல்லில் 1893 என்று இருந்தால் அது இறந்த ஆண்டு. கல் நட்ட ஆண்டு அல்ல. ரயில் வந்த பிறகு, குடும்பத்துக்குக் கொஞ்சம் பணம் சேர்ந்த பிறகு, ஊரிலிருந்து தம்பியோ அம்மாவோ அனுப்பிய கல்லாகவும் அது இருக்கலாம். அதேபோல, இருப்பதிலேயே பழைய தேதியுள்ள கல்லைக் காட்டி 'இதுதான் முதல் கல்லறை' என்று சொல்வதும் தவறு. அது தப்பிப் பிழைத்த கற்களில் பழையது, அவ்வளவுதான்.

புகழ்பெற்ற பெயர்களும் இப்படித்தான் நம்மைத் திசை திருப்பும். பெரிய தோட்டத்தில் எர்னெஸ்ட் ஜைல்ஸ் இருக்கிறார். 1875இல் ஒட்டகங்களோடு பாலைவனத்தைக் கடந்தபோது, தண்ணீரே காணாமல் 17 நாள் நடந்த பயணி. கடைசிக் காலத்தில் கூல்கார்டியில் குமாஸ்தாவாக வேலை பார்த்து, 1897 நவம்பரில் நிமோனியாவில் இறந்தார். அவருடைய கதை பெரியது. ஆனால் அங்கே கிடக்கும் பெரும்பாலோரின் கதை அதுவல்ல.

சுருக்கமாக: கல் என்பது பணமும் உறவும் பாதையும் சேர்ந்த இடத்தில் மட்டும் நிற்கும் அடையாளம். முதல் இரண்டு ஆண்டுகளில் இந்த மூன்றும் ஒன்றுசேர்வது அபூர்வம்.

அப்படியானால் எங்கே தேடுவது?

பெயருக்குப் பதிவேடுகள். மேற்கு ஆஸ்திரேலியாவில் இறப்புப் பதிவு 1841இலேயே தொடங்கிவிட்டது. வயது, தொழில், காரணம், பிறந்த ஊர் என்று பதிவில் நிறைய இடம் உண்டு. ஆனால் பதிவேடு கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி. எழுதவைத்தவர் பெயர் இருக்கும், அதுவும் அவர் சொன்ன மாதிரி இருக்கும். ஊரிலிருந்து கடனுக்கோ குடும்பத்துக்கோ தப்பி வந்தவன் வேறு பெயர் சொல்லியிருப்பான். கூடாரத்தில் எல்லாருக்கும் பட்டப்பெயர்தான். அவன் இறந்ததும் அதிகாரி கேட்கிறார், கூட்டாளிக்கு அவனுடைய உண்மைப் பெயர் தெரியவில்லை. வயது என்ற இடத்தில் 'சுமார் 30'. பிறந்த ஊர் என்ற இடம் காலி.

குழிக்கு மண். சவப்பெட்டிப் பலகை உளுத்து உள்ளே விழுந்ததும் மேலே உள்ள மண் இறங்கி ஆள் நீளத்துக்கு ஒரு பள்ளம் உண்டாகும். மழை பெய்த மறுநாள் அந்தப் பள்ளங்களில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கும். வரிசை வரிசையாக, ஒரே திசையில். கல்லே இல்லாத வெட்டவெளியில் அப்படி ஒரு வரிசை தெரிந்தால் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

இதையே நுட்பமாகச் செய்வது நிலத்தடி ரேடார். ரேடியோ அலைகளை மண்ணுக்குள் அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்யும் கருவி. அது எலும்பைப் படம் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒருமுறை தோண்டி மூடிய மண் பக்கத்து மண்ணைப்போல இறுகாது, அந்த வேறுபாட்டைத்தான் கருவி காட்டுகிறது. தெருவில் குழாய் பதித்து மூடிய இடம் தார் போட்ட பிறகும் தழும்பாகத் தெரியுமே, அதைப்போல. குழி இருப்பதை அது சொல்லும். யாருடையது என்று சொல்லாது.

திசையும் ஒரு தகவல்

பழைய கல்லறைத் தோட்டங்களில் ஆங்கிலிக்கன், கத்தோலிக்கர், மெதடிஸ்ட், யூதர் என்று பகுதி பிரித்திருப்பார்கள். கிறிஸ்தவர்களைப் பெரும்பாலும் கிழக்கு மேற்காகக் கிடத்துவார்கள். முஸ்லிம்களை வலப்பக்கமாகச் சாய்த்து, முகம் மக்காவைப் பார்க்கும்படி வைப்பார்கள். கூல்கார்டியிலிருந்து மக்கா வடமேற்கே. ஆகவே முறைப்படி வைத்த குழிகளின் வரிசை கிறிஸ்தவ வரிசைக்குச் சாய்வாக அமையும். எழுத்தே இல்லாவிட்டாலும் இது பேசும்.

இங்கே புதைக்கப்பட்ட முஸ்லிம்கள் பெரும்பாலும் ஒட்டகக்காரர்கள். அவர்களை ஒட்டுமொத்தமாக 'ஆப்கானியர்' என்று அழைத்தார்கள். உண்மையில் பலர் பஞ்சாப், சிந்து, பலுசிஸ்தான் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். ரயில் வருமுன் அந்த ஊருக்குச் சோறு போட்டதே இவர்களுடைய ஒட்டகங்கள்தான். பெரிய ஒட்டக வணிகரான தாக் முகமது 1896 ஜனவரியில் கூல்கார்டி மசூதியில் தொழுதுகொண்டிருந்தபோது சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்.

'முதல் கல்லறைகள்' என்ற பேச்சிலேயே ஒரு பிழை இருக்கிறது. பெய்லி வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது பூர்வகுடிகளின் மண். அவர்கள் பாறைச் சுனைகளைக் கல்லாலும் கிளைகளாலும் மூடிக் காத்தார்கள். தங்கம் தேடி வந்தவர்களும் அவர்களுடைய குதிரைகளும் ஒட்டகங்களும் அந்தச் சுனைகளை வற்றவைத்தன. பூர்வகுடிகளின் இறந்தவர்கள் வேலி போட்ட தோட்டத்துக்குள் இல்லை, அந்த நிலமெங்கும் இருக்கிறார்கள். அங்கே 1892இல் தொடங்கியது வந்தேறிகளின் கல்லறை.

குழாய் வந்த பிறகு

பொறியாளர் சி. வை. ஓ'கானர் பெர்த் பக்கத்திலுள்ள மண்டாரிங் அணையிலிருந்து எட்டு நீரேற்று நிலையங்கள் வைத்து, 500 கிலோமீட்டருக்கும் மேலே குழாய் போட்டுத் தண்ணீரைத் தங்க வயலுக்கு ஏற்றும் திட்டத்தை வகுத்தார். கடுமையான எதிர்ப்பு, பத்திரிகைத் தாக்குதல். 1902 மார்ச்சில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1903 ஜனவரி 24 அன்று கூல்கார்டியில் திட்டம் முறைப்படி திறக்கப்பட்டது.

அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள கல்லறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒன்றை மறந்துவிடக்கூடாது. முழுப் பெருமையும் குழாய்க்கு இல்லை. ரயில், மருத்துவமனை, வண்டி வைத்து மலவாளி அகற்றும் ஏற்பாடு எல்லாம் அதற்கு முன்பே வரத் தொடங்கிவிட்டன. ரயில் வந்ததும் மனைவிகளும் வந்தார்கள், குழந்தைகள் பிறந்தன. அதன் பிறகுள்ள வரிசைகளில் சின்னக் குழிகள் சேர்கின்றன. ஆண்கள் மட்டும் கிடக்கும் பகுதி, அடுத்து குழந்தைகள் கிடக்கும் பகுதி என்று, ஒரு முகாம் எப்போது ஊரானது என்பதைக் குழியின் நீளத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

பதிவேட்டில் பெயர் கிடைக்காத முதல் ஆண்டுகளின் ஆட்கள் சில சமயம் வேறு எங்கோ கிடைக்கிறார்கள். ஆஸ்திரேலிய தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. சுமார் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஏதோ ஒரு விக்டோரியா ஊரின் பத்திரிகையில், இறப்பு அறிவிப்புப் பத்தியில், இரண்டு வரி. கூல்கார்டியில், காய்ச்சலால், இன்னாரின் மகன், வயது இவ்வளவு. கூல்கார்டி மண்ணில் பலகையைக் கரையான் தின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அந்தக் குடும்பம் காசு கொடுத்து அச்சிட்ட வரி அப்படியே இருக்கிறது. பேர், வயது இரண்டும் கிடைத்துவிட்டால், தன்னார்வலர்கள் ஒரு சிறிய உலோகத் தகட்டில் அவற்றைப் பொறித்துக்கொண்டுபோய் அந்த இடத்தில் நட்டுவிட்டு வருகிறார்கள்.